பழைய மோட்டாரும் புதிய புரொப்பெல்லரும்



வத்தலக்குண்டில் குடியிருக்கும் ஒருவன் படகு மோட்டாரைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறான் என்று கேட்டதும், கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்ற வினா உங்கள் மனத்தில் எழுவது நியாயமே. மஞ்சளாற்றில் வெள்ளம் வந்தால் அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடுகிற ஊர் எங்கள் ஊர். ஆயினும், 1884ஆம் ஆண்டில் இங்கே பிறந்த சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்குச் சென்று, வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு ஒரே மேடையில் நின்று முழங்கி, 1908இல் அவரோடு சிறை புகுந்தவர் என்பதையும், அந்தச் சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கம்பெனிதான் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டது என்பதையும் நினைக்கும்போது, கப்பலுக்கும் எங்கள் ஊருக்கும் தூரத்து உறவொன்று உண்டென்று நான் உரிமை கொண்டாடுவதை நீங்கள் ஆட்சேபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். என் சொந்தக் கதையோ சுருக்கமானது. ஜீவனத்தை நாடிக் கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போனவன், குளச்சலிலும் முட்டத்திலும் மீனவர்களின் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுதுபார்த்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இப்பொழுது பிறந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டித் திருகிப் பிடிக்கக்கூடிய யந்திரம். மேலே என்ஜின், நடுவே நெட்டுக்குத்தான தண்டு, கீழே தண்ணீருக்குள் பல்சக்கரப் பெட்டி, அதன் வாலில் புரொப்பெல்லர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் ஒன்றரைக் குதிரைத் திறனுள்ள மோட்டார்களை விற்கத் தொடங்கிய நாள்தொட்டு இதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. நம் தென்கோடிக் கரையில் 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் பெருகியபோது இந்த மோட்டாரும் உடன் பெருகிற்று. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வழக்கமும் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. அன்று வாங்கியவற்றில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி உழைத்து மூப்படைந்த ஒரு மோட்டாரின் புரொப்பெல்லர் தேய்ந்தோ ஒடிந்தோ போனால், அதற்குப் பதிலாக எதைப் பொருத்துவது என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

அதற்கு முன், எனக்கு மிகவும் பிரியமான பழங்கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நிலைய அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது, இருந்தாலும் இதை விட மனமில்லை. லண்டனுக்கு அருகே ஹெண்டன் என்னுமிடத்தில் கால்நடைப் பண்ணை வைத்திருந்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர், கப்பலை ஒரு திருகால், அதாவது புரொப்பெல்லரால், தள்ளிச் செல்லலாம் என்ற யுக்தியைக் கண்டு, 1836ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் செய்த திருகு மரத்தாலானது; இரண்டு முழுச் சுற்று வரும் நீளமுடையது. மறு வருஷம் பாடிங்டன் கால்வாயில் அதைப் பரீட்சை செய்தபோது, அந்தத் திருகு எதிலோ மோதிப் பாதி ஒடிந்து விழுந்தது. படகு நின்றுபோகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அதுவோ முன்னிலும் வேகமாக ஓடலாயிற்று! ஒரு சுற்றே போதும், இரண்டாவது சுற்று யந்திரத்துக்கு வெறும் பாரம் என்ற உண்மையை எந்தக் கணிதமும் சொல்லித்தராமல் ஒரு விபத்து சொல்லிக்கொடுத்தது. பழைய மோட்டாரும் கையுமாக என்னிடம் வந்து, இருப்பதிலேயே பெரிய புரொப்பெல்லராகப் பார்த்துப் போடுங்கள் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் இந்தக் கதையைத்தான் சொல்லிவந்தேன்.

எட்டு வருஷங்கள் கழித்து, 1845 ஏப்ரல் மாதத்தில், பிரிட்டிஷ் கடற்படையார் ஒரு வேடிக்கை நடத்தினார்கள். திருகு பொருத்திய ராட்டிலர் என்ற கப்பலையும், இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் பொருத்திய அலெக்டோ என்ற கப்பலையும் முதுகோடு முதுகாக வடத்தால் பிணைத்து, எது எதை இழுக்கிறது பார்ப்போம் என்று எதிரெதிர்த் திசைகளில் ஓட்டினார்கள். அலெக்டோ தன் சக்கரங்களை எவ்வளவுதான் சுழற்றியும், ராட்டிலர் அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றுவிட்டது. அந்தப் போட்டியின்போது ராட்டிலரின் யந்திரமே அதிகத் திறனை வெளிப்படுத்தியது என்று பிற்காலத்தவர் குறை கூறுவதுண்டு. அந்தக் குறையில்தான் எனக்கு சுவாரஸ்யம். ஒரு யந்திரம் தன் முழுத் திறனையும் வெளிப்படுத்த வேண்டுமானால், அது சுழல வேண்டிய வேகத்தில் சுழல்வதற்கு அதன் முனையில் பூட்டிய சாதனம் இடங்கொடுக்க வேண்டும். சுழலவிடாத சாதனத்தைப் பூட்டிவிட்டால், நாற்பது குதிரைத் திறன் என்று மூடியில் எழுதியிருப்பதெல்லாம் எழுத்தோடு நின்றுவிடும்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். புரொப்பெல்லரின் நடுக் குடத்திலோ இறக்கையிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 11, 13 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் விட்டம். இறக்கை நுனிகள் சுழன்று வரையும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். தண்ணீர் மரக்கட்டைபோல் கெட்டியாக இருந்து, அதில் இந்தத் திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேறுமோ அந்த அளவு. விட்டத்தை எல்லோரும் கையால் சாண் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். பிட்ச் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. ஆகையினால்தான் வியாபாரிகளின் வாய்ஜாலம் அதில் பலிக்கிறது.

தண்ணீர் மரக்கட்டை அல்ல என்பதால் புரொப்பெல்லர் எப்போதும் கொஞ்சம் வழுக்கும். பென்சில் வைத்திருக்கும் மாணவ நேயர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். மோட்டார் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றுகிறது. கீழ்ப் பெட்டியிலுள்ள பல்சக்கரங்கள் அதைப் பாதியாகக் குறைத்து 2,500 ஆக்குகின்றன. பிட்ச் 12 அங்குலம், அதாவது ஓர் அடி. அப்படியானால் நிமிஷத்துக்கு 2,500 அடி, மணிக்கு 1,50,000 அடி. ஒரு கடல் மைலுக்கு 6,080 அடி வீதம் வகுத்தால் ஏறத்தாழ 24⅔ கடல் மைல் வரும். இலேசான படகு அந்த மோட்டாரில் உண்மையாக 20 கடல் மைல் ஓடினால், ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலில் போயிற்று என்று அர்த்தம், அது குற்றமில்லை. வலையும் பனிக்கட்டியும் ஆட்களுமாகப் பாரம் ஏற்றிய வள்ளத்திலோ பாதிக்குப் பாதி வழுக்கலில் போவதுண்டு. பாரப் படகுக்கு அதிகப் பிட்ச் வாங்கினால் அதிக வேகம் கிடைக்கும் என்பது காகிதக் கணக்கு. தண்ணீர் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை.

நம் பிரதேசத்து நேயர்களுக்கு இதை விளக்க நான் தொலைவு போக வேண்டியதில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸின் டிரைவர், காட்ரோடு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும், இரண்டாவது கியருக்கு இறங்கி என்ஜினைத் தாராளமாகச் சுழலவிட்டு ஏறுகிறார். அங்கே டாப் கியரைப் போட்டுப் பிடிவாதம் பிடித்தால் என்ஜின் முக்கி, நடுங்கி, கடைசியில் நின்றுபோகும். டிரைவர் கையில் ஐந்து கியர் இருக்கிறது. படகோட்டிக்கு முன்னோக்கிப் போக இருப்பது ஒரே கியர். புரொப்பெல்லரின் பிட்ச்சே அந்தக் கியர். கரையில் நிற்கும்போதே அதை யோசித்துத் தெரிந்தெடுத்தாக வேண்டும்.

முட்டம் கரையில் ஒரு வள்ளக்காரர் வந்து, "சாரே, புதுசு வாங்கிப் போட்டும் வள்ளம் இழுக்க மாட்டேங்குது, மண்ணெண்ணெய் மட்டும் குடிக்குது" என்று முறையிட்டார். அவர் மோட்டார் இரண்டு சிலிண்டர் உடைய பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார். பழைய புரொப்பெல்லர் பாறையில் பட்டு ஓர் இறக்கை ஒடிந்துவிட்டது. கடைக்காரர், பிட்ச் கூடுதலாக இருந்தால் வேகமும் கூடும் என்று சொல்லி, பளபளவென்ற ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கரி அப்பியிருந்தது. பிளக் கம்பியில் சுற்றிவிட்டால் சுற்று வேகத்தைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதை மாட்டிக்கொண்டு, வழக்கமான பாரத்தோடு வள்ளத்தைக் கடலில் இறக்கி, முழு விசையும் கொடுத்து ஓட்டச் சொன்னேன். 3,900க்குமேல் முள் நகரவில்லை. அந்த மோட்டாரின் கைப்புத்தகமோ, முழு விசையில் 4,500 முதல் 5,500 வரை சுழல வேண்டும் என்று விதிக்கிறது. ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது இத்தொழிலில் அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் பிரமாணம். மூன்று அங்குலம் குறைவான, மூன்று இறக்கை உள்ள சாதாரண அலுமினியப் புரொப்பெல்லரைப் பூட்டினோம். சுற்று 4,500ஐ எட்டிப்பிடித்தது, வேகமும் சற்றுக் கூடிற்று, முக்கல் நின்றது. பிட்ச்சைக் குறைத்தும் வேகம் எப்படிக் கூடிற்று என்று வள்ளக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஸ்மித்தின் ஒடிந்த திருகைப் பற்றிச் சொன்னேன்.

புது மோட்டாருக்கும் பழைய மோட்டாருக்கும் இவ்விஷயத்தில் ஒரே நியாயம் செல்லாது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்த என்ஜின், கைப்புத்தகத்தில் அச்சிட்ட பிட்ச்சைச் சுமக்கச் சக்தியற்றதாகிவிடுகிறது. மண்ணெண்ணெயில் ஓடுவதானால் திறன் இன்னும் குறைவு. சுழலவிடாமல் முழு விசையில் முக்கவைத்தால் கரி சேரும், தட்டும், பிஸ்டன் மண்டை வெந்து ஓட்டையாகும். ஆகவே, மூத்த மோட்டாருக்கு ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ குறைத்தே வாங்குங்கள் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். எல்லை தாண்டிக் குறைத்துவிட்டாலோ மோட்டார் அலறிக்கொண்டு விதித்த வேகத்துக்குமேல் சுழன்று தன்னையே அழித்துக்கொள்ளும். மீட்டர் சொல்லும் எல்லைக்குள் நில்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுற்றுக் குறைவதற்கெல்லாம் புரொப்பெல்லர்மேல் பழி போடக் கூடாது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம். கார்ப்புரேட்டர் முழுதும் திறக்காமல் இருக்கலாம். படகின் அடியில் சிப்பியும் பாசியும் முளைத்து இழுவையைக் கூட்டியிருக்கலாம். அவற்றை முதலில் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. நடுத்தர மோட்டார்கள் பலவற்றின் புரொப்பெல்லர்க் குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பாறையில் அடிபட்டால் பல்சக்கரத்தைக் காப்பாற்றுவதற்காக அது வழுக்கிக்கொடுக்கும். வயதானால் அடிபடாமலே வழுக்கும். குளச்சலில் ஓர் இளைஞர், விசை கொடுத்தால் என்ஜின் அலறுகிறது, வள்ளம் போகவில்லை, கியர் போய்விட்டது என்று முடிவுகட்டி மோட்டாரையே விற்கத் துணிந்துவிட்டார். உள்குடத்திலிருந்து வெளிக்குடம் வரை பெயிண்டால் ஒரே நேர்கோடு இழுத்து, உலரவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது கோடு இரண்டாகப் பிரிந்து, உள்ளே ஒரு பக்கமும் வெளியே ஒரு பக்கமும் நின்றது. ரப்பர் போயிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பெயிண்டுக்கு ஆன செலவோடு விஷயம் தெரிந்துவிட்டது, மோட்டார் தப்பியது.

சின்ன மோட்டார்களில் ரப்பருக்குப் பதிலாகத் தண்டின் குறுக்கே ஒரு சிறு ஊசி செருகியிருக்கும். அடிபட்டால் முதலில் முறிய வேண்டியது அதுதான். முறிவதே அதன் கடமை. அது அடிக்கடி முறிகிறதென்று சலித்துப்போய், அந்த இடத்தில் இரும்பு ஆணியை அறுத்துச் செருகிவைத்த ஒரு புத்திசாலியின் மோட்டாரை நான் பார்த்திருக்கிறேன். ஆணி முறியவே இல்லை. பல்சக்கரம் பொடிப்பொடியாயிற்று. புதிய புரொப்பெல்லர் வாங்கும்போதே கம்பெனி சொல்லும் ஊசியில் சிலவற்றைச் சேர்த்து வாங்கிப் படகில் போட்டுவைப்பது உத்தமம்.

மலைவாசிகளும் இந்நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள் என்பதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் காற்று மெலிந்துகொண்டே போவதால், பெட்ரோல் என்ஜினின் திறனும் அதற்கேற்ப நூற்றுக்கு மூன்று வீதம் குறைந்துகொண்டே போகும். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. உதகமண்டலம் அதற்கும் மேல். கடற்கரையில் சீராக ஓடிய மோட்டாரை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனால், ஐந்தில் ஒரு பங்கு திறனைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறோம். மலைமேல் ஏரி ஒன்றில் ஓட்டுவதற்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து பழைய மோட்டார் ஒன்றை வாங்கிப் போனவர்கள், அது அங்கே மூச்சுத் திணறுகிறதென்று என்னை அழைத்தார்கள். என்ஜினில் கை வைக்கவே இல்லை. கார்ப்புரேட்டரின் ஜெட்டைச் சற்றுச் சிறிதாக்கியதும், பிட்ச்சை இரண்டு அங்குலம் குறைத்ததுமே நான் செய்த வைத்தியம். 

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக, ஓய்விந்த் குல்பிரான்ட்சென் என்ற படகுப் பொறியாளர் சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் ஓர் ஏடு எழுதினார். எரிபொருள் சிக்கனத்தில் அடிப்படையான உண்மைகள் இரண்டு. பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுவது, சிறியதை வேகமாகச் சுழற்றுவதைவிடச் சிக்கனமானது. கடைசி ஒன்றிரண்டு கடல் மைல் வேகத்துக்காகத்தான் எண்ணெயில் பெரும்பகுதி செலவாகிறது. இவ்விரண்டும் சிறு படகுக்காரர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. ஆனால் அவுட்போர்டில் விட்டத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்ட இயலாது. இறக்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு அதற்கு இடங்கொடாது. பல்சக்கர விகிதமும் தொழிற்சாலையில் நிச்சயித்தது. ஆகையால் விட்டத்தைப் பழையபடியே விட்டுவிட்டுப் பிட்ச்சை மட்டும் திருத்துவதே நமக்குள்ள வழி.

நேரம் முடியப்போகிறதென்று கை காட்டுகிறார்கள். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியானதுதான். ஆனால் அது பாறையில் அடிபட்டால் வளைந்துகொடுக்காது, அடி முழுவதும் பழைய பல்சக்கரத்துக்குப் போகும். ஆகையால் வயதான மோட்டாருக்கு அலுமினியமே தகும். இறக்கை மூன்று போதும். தண்டிலுள்ள பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே குதிரைத் திறனிலும் கம்பெனிக்குக் கம்பெனி, ஆண்டுக்கு ஆண்டு அவை மாறும். புகை குடத்தின் வழியாகப் போகிறதா, வேறு வழியாகப் போகிறதா என்பதையும் பாருங்கள். பழைய புரொப்பெல்லரைக் கழற்றியதும், அதன் பின்னால் தூண்டில் நரம்போ வலைநூலோ சுற்றியிருந்தால் அறுத்தெடுங்கள். அதுதான் எண்ணெயைக் காக்கும் சீல் வளையத்தை அரித்துத் தண்ணீரை உள்ளே விடும் சத்துரு. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் முதலில் சீல் வளையத்தை மாற்றிவிட்டுப் பிறகு புரொப்பெல்லரைப் பாருங்கள். தண்டுக்கு உப்புநீரில் கரையாத கிரீஸ் தடவி, நட்டை இறுக்கி, கவைப் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் பாரத்தோடு சுற்றை அளந்து, அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, தேய்ந்த புரொப்பெல்லரையும் கையோடு எடுத்துச்சென்று, கடைக்காரர் சொல்லுக்கு முன்னால் அந்த எண்ணைக் காட்டி வாங்குவீர்கள் என்று நம்புகிறேன். பழையது ஓர் இறக்கை கோணியிருந்தாலும் பாதகமில்லை, காயலாங்கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு நட்டும், இரண்டு பின்னும், ஒரு ஸ்பானரும் சேர்த்துச் சாக்கில் கட்டிப் படகின் முன்னறையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் புதியது ஒடிந்தால், கரை சேர அது போதும்.